கொதித்த மோரிஸும் தாத்தாவின் குறிப்பேடும்

பழைய பொருள் ஒன்று பழுதானால் நம் வீடுகளில் எழும் முதல் குரல், "தூக்கிப் போடு, புதுசு வாங்கு" என்பதுதான். கைத்தொலைபேசி, குளிர்பதனப் பெட்டி, தையல் இயந்திரம் எதுவானாலும் இதே கதைதான். பழுது பார்க்க ஆகும் செலவுக்குப் புதியதே வாங்கிவிடலாம் என்ற கணக்கு பல வேளைகளில் சரியாகவும் இருக்கிறது. ஆனால், பழுது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் போடும் கணக்கு எப்படிச் சரியாகும்? 2024-ஆம் ஆண்டு நடுவில், என் பருவ விடுமுறையின்போது, எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய நிலை வந்தது. அந்த அனுபவத்தைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் வீடு பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் மோரிஸ் மைனர் 1000 கார் ஒன்று நிற்கிறது. 1960-இல் செய்யப்பட்ட வண்டி. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்த என் தாத்தா, 1967-இல் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். அப்பா பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். பாட்டியைக் கடைசியாக மருத்துவமனைக்குக் கொண்டு போனதும் அதில்தான். எங்கள் குடும்பத்தில் அதைக் 'கார்' என்று யாரும் சொல்வதில்லை. 'மோரிஸ்' என்றே அழைப்போம், வீட்டில் இன்னோர் ஆளைப் போல.

இந்த வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரில் பிறந்த அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த மோரிஸ் மைனர், 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. ஒரு மில்லியன் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற மினி காரை வடிவமைத்தவரும் இசிகோனிஸ்தான். 1956-இல் வந்த 'மைனர் 1000' வகைக்கு 948 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. ஏறக்குறைய 37 குதிரைத் திறன். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால், நம் நாட்டில் ஒரு தலைமுறை ஆசிரியர்களையும் கிராணிமார்களையும் மருத்துவ உதவியாளர்களையும் சுமந்து திரிந்தவை இத்தகைய சிறிய எஞ்சின்கள்தாம்.

சிக்கல் இப்படித் தொடங்கியது. தைப்பிங்கில் தாத்தாவின் தங்கை மருத்துவமனையில் படுத்திருந்தார். அப்பாவின் கார் அன்று பட்டறையில் இருந்ததால், தாத்தாவை மோரிஸில் ஏற்றிக்கொண்டு பழைய சாலை வழியாகப் புறப்பட்டார் அப்பா. கோலக்கங்சார் வரை ஒன்றுமில்லை. பாடாங் ரெங்காஸ் தாண்டிப் புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தில் பாதி வழி போனதும் போனட்டின் இடுக்குகளில் ஆவி பீறிட்டது. மோரிஸ் மைனரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. ஆவியைக் கண்ணால் கண்டால்தான் உண்டு. எண்பத்தேழு வயதுத் தாத்தா சாலையோரம் இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். தைப்பிங் போய்ச் சேர்ந்தபோது நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது.

அதற்கு முன்பும் அந்த ஆண்டில் வண்டி சில முறை கொதித்திருந்தது. மூன்று பட்டறைகள் பார்த்துவிட்டன. முதல் பட்டறையில், "நம்ம நாட்டு வெயிலுக்கு இது தேவையில்லை" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இரண்டாம் பட்டறையில் தண்ணீர்ப் பம்பை மாற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் மின்விசிறி ஒன்றைப் பொருத்தினார்கள். மூன்றாம் பட்டறையில் புதிய கார்களுக்குரிய அழுத்தம் கூடிய மூடியைப் போட்டு அனுப்பினார்கள். மொத்தம் ஆயிரத்து நானூறு ரிங்கிட்டுக்கு மேல் செலவு. கொதிப்பு மட்டும் நிற்கவில்லை.

தைப்பிங்கிலிருந்து திரும்பிய இரவே அப்பா முடிவெடுத்துவிட்டார். பழைய கார்களைச் சேகரிக்கும் ஒருவர் முன்பே விலை கேட்டிருந்தார். மாத இறுதியில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் அப்பா.

"இன்னொரு தடவ அப்பாவ அந்த மாதிரி ரோட்டுல உக்கார வைக்க என்னால முடியாது" என்று அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அதில் கோபத்தைவிடப் பயமே அதிகம் இருந்தது. அப்பா சொன்னதில் தவறில்லை. தாத்தாவும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒன் இஷ்டம்பா" என்றதோடு சரி. ஆனால், மறுநாள் காலையில் வழக்கமாகக் காரைத் துடைக்கும் துணியை எடுத்தவர், அதைக் கையில் வைத்துக்கொண்டே வெகு நேரம் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இயந்திரவியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி. வெப்பப் பரிமாற்றம் என்ற பாடத்தை அந்தப் பருவத்தில்தான் படித்து முடித்திருந்தேன். "அப்பா, எனக்கு மூணு வாரம் குடுங்க. சரியா வரலன்னா வித்துடுங்க" என்றேன். அப்பா சிரித்தார். "மூணு போமன் பாத்தாச்சும்மா" என்றார். ஆனால், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நோய் எது, முதல் எது?

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரு பெரும் பங்கு புகையோடு வெளியேறுகிறது. இன்னொரு பெரும் பங்கைத் தண்ணீர் ஏந்திச் செல்கிறது. எஞ்சின் உடலுக்குள் சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டரின் மேல்தொட்டிக்கு வரும். அங்கிருந்து மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே இறங்கும்போது காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மீண்டும் பம்புக்குப் போகும். ஆக, சூடு சேர நான்கு காரணங்கள் இருக்கலாம். சூடு அளவுக்கு மீறி உண்டாகலாம். தண்ணீர் அதை வாங்க முடியாமல் போகலாம். வாங்கிய தண்ணீர் ஓட முடியாமல் போகலாம். ஓடிய தண்ணீர் காற்றிடம் அதைக் கொடுக்க முடியாமல் போகலாம். இந்த நான்கில் எது என்று தெரியாமல் கை வைப்பது இருட்டில் கல்லெறிவது போலத்தான்.

முதல் நாள் மாலை ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதித் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவர், "இந்த எஞ்சின் எத்தன சி.சி.?" என்று கேட்டார்.

"தொள்ளாயிரத்து நாப்பத்தெட்டு, தாத்தா."

"திருக்குறள்ல தொள்ளாயிரத்து நாப்பத்தெட்டாவது குறள் எது?"

எனக்குத் தெரியவில்லை. மருந்து அதிகாரத்தில் வரும் குறள் அது. தாத்தா அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த அதே இராகத்தில் சொன்னார். நோயை ஆராய வேண்டும், அது வந்த காரணத்தை ஆராய வேண்டும், தணிக்கும் வழியை ஆராய வேண்டும், அதன் பிறகே பொருந்துமாறு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. "அம்பத்தேழு வருஷமா இந்த நம்பர்ல ஓட்டிட்டு இருக்கேன், இன்னிக்கித்தான் பொருத்தம் தெரியுது" என்று சிரித்தார். தைப்பிங் பயணத்திற்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து அவர் செய்த காரியம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அறைக்குள் போய், நீல அட்டை போட்ட தடித்த குறிப்பேடு ஒன்றைக் கொண்டு வந்தார். 1967 முதல் அந்தக் காருக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் தேதியோடு அதில் இருந்தது, அழகான தமிழ்க் கையெழுத்தில். எண்ணெய் மாற்றியது, பிரேக் ரப்பர் மாற்றியது, எத்தனை மைலில் எந்த டயர் தேய்ந்தது எல்லாமே. ஸ்பார்க் பிளக்கிற்குத் 'தீப்பொறிச் செருகி', கார்புரேட்டருக்குக் 'காற்றுக் கலப்பி', தெர்மோஸ்டாட்டுக்கு 'வெப்பக் கதவு' என்று அவரே பெயரிட்டிருந்தார். மூன்று பட்டறைக்காரர்களும் இந்தக் குறிப்பேட்டைப் பார்த்ததில்லை. தாத்தாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

குறிப்பேட்டில் ஆண்டுதோறும் ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தது: "எஞ்சின் அடிக்குழாய் திறந்து கழுவியது." இந்த வரி கடைசியாக வந்த ஆண்டு 1992. தாத்தா பணி ஓய்வு பெற்றுத் தோட்டத்து ஆசிரியர் வீட்டைக் காலி செய்து, இப்போதுள்ள தாமான் வீட்டுக்கு வந்த ஆண்டு அது. அதன் பிறகு பட்டறைகளில்தான் சர்வீஸ். ரேடியேட்டரில் தண்ணீர் மாற்றினார்கள், எஞ்சினின் அடிக்குழாயை யாரும் தொடவில்லை.

"தோட்டத்துல என்ன தண்ணி ஊத்துவீங்க, தாத்தா?"

"கெணத்துத் தண்ணிதான். சட்டியில காய்ச்சுனா வெள்ளையாப் படியும். ஒங்க பாட்டி மாசம் ஒரு தடவ புளி போட்டுத் தேய்ப்பா."

கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றிச் சுண்ணாம்புக் கற்பாறை மலைகள் நிற்பதை நாம் அறிவோம். அங்கு ஊறும் நிலத்தடி நீரில் சுண்ணாம்புச் சத்து இருப்பது இயல்பு. அந்த நீர் கொதிக்கும் எஞ்சினுக்குள் இருபத்தைந்து ஆண்டு ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு முப்பத்திரண்டு ஆண்டு குழாய் நீர். வார்ப்பிரும்பு எஞ்சின், துரு தடுக்கும் மருந்து எதுவும் கலக்காத தண்ணீர். உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு விளங்கத் தொடங்கியது. ஆனால், ஊகத்தை நம்பிக் கை வைக்கக் கூடாதல்லவா? ஒவ்வொன்றாகச் சோதித்தோம்.

சோதனைகள்

சூடு எப்போது ஏறுகிறது என்று முதலில் பார்த்தோம். நிற்கும்போது கொதித்து ஓடும்போது தணிந்தால் விசிறியையோ காற்றோட்டத்தையோ சந்தேகிக்க வேண்டும். மாறாக, மேட்டிலும் வேகத்திலும் கொதித்தால் தண்ணீர் ஓட்டத்தையும் ரேடியேட்டரையும் சந்தேகிக்க வேண்டும். எங்கள் வண்டி இரண்டாம் வகை. நிறுத்தி வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டாலும் கொதிப்பதில்லை, மேடு ஏறினால் கொதிக்கிறது. அப்படியென்றால் மின்விசிறிக்கு வேலையே இல்லை.

அந்த மின்விசிறியில் வேறொரு வேடிக்கையும் இருந்தது. அதை ஓடவிட்டு, முன்பக்கக் கம்பி வலைக்கு எதிரே ஒரு தாளைப் பிடித்தேன். தாள் உள்ளே இழுபட வேண்டும். மாறாக, என் முகத்தை நோக்கிப் பறந்தது! இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். அக்கால மோரிஸில் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் வழக்கம்போலச் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் மாட்டியதால் விசிறி எதிர்த்திசையில் சுழன்றது. எஞ்சினின் சொந்த விசிறி காற்றை உள்ளே இழுக்க, இது வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வைத்தோம். கொதிப்பு சற்றுத் தாமதமாக வந்தது. ஆனால், வந்தது.

பிறகு, அளவுக்கு மீறிச் சூடு உண்டாகிறதா என்று பார்த்தோம். தீப்பொறி தாமதமாக விழுந்தாலோ பெட்ரோல் கலவை மெலிந்தாலோ எஞ்சின் சூடேறும். தாத்தா சொல்லச் சொல்ல, சின்ன பல்பு ஒன்றை வைத்துத் தீப்பொறி நேரத்தைச் சரிபார்த்தேன். நான்கு தீப்பொறிச் செருகிகளும் நல்ல காப்பி நிறத்தில் இருந்தன. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்கியது, அதுவும் சரியே. எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் போல மாறவில்லை. ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழிகள் வரவில்லை. எனவே, சிலிண்டர் தலைக்கடியில் இருக்கும் கேஸ்கெட் தப்பித்தது.

அதன் பிறகு, தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியை நண்பரிடம் இரவல் வாங்கினேன். பளபளப்பான உலோகத்தில் அது தவறான அளவு காட்டும் என்பதால், அளக்கும் இடங்களில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டேன். மேடு ஏறிவிட்டு வந்து அளந்தபோது எஞ்சினின் முன்பகுதி 92 பாகை செல்சியஸ். பின்பகுதி, அதாவது நான்காம் சிலிண்டர் பக்கம், 118 பாகை. ஒரே எஞ்சின், ஒரே தண்ணீர், இருபத்தாறு பாகை வேறுபாடு! ரேடியேட்டரிலும் மேலிருந்து கீழாக மூன்று பட்டைகள் மட்டும் குளிர்ந்து கிடந்தன. அந்தக் குழாய்களில் தண்ணீரே ஓடவில்லை என்று பொருள்.

மறுநாள், எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, குறிப்பேடு சொன்ன அந்த அடிக்குழாயைத் தேடிப் பிடித்தேன். எஞ்சின் உடலின் பின்புறத்தில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் ஒளிந்திருந்தது. திறந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். அப்போதும் தண்ணீர் வரவில்லை, செம்மண் சேறு போல ஒன்று கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தாத்தா அதை விரலில் தொட்டுப் பார்த்தார். "அம்பது வருஷத்துத் தண்ணி" என்றார்.

நோயின் முதல் கிடைத்துவிட்டது. தண்ணீர் முன்னாலிருந்து பின்னால் போகப் போக வேகம் குறையும். மிதந்து வரும் துருவும் சுண்ணாம்பும் கடைசி மூலையில் படியும். படிந்த சேறு சூட்டைக் கடத்தும் திறன் இரும்பைவிடப் பல மடங்கு குறைவு. பின் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய இடத்தில் மண் போர்வை போர்த்தியிருக்கிறது. சமவெளியில் மெதுவாகப் போகும்போது அது தெரியாது. மேட்டில் எஞ்சின் திணறும்போது தெரிந்துவிடும்.

மூன்று பட்டறைகளும் ஏன் தோற்றன என்பதும் இப்போது விளங்கியது. தெர்மோஸ்டாட் வெறும் கதவு. எஞ்சின் போதிய சூட்டை அடையும் வரை மூடியிருந்து, பிறகு திறந்து வழிவிடும். அதைப் பிடுங்குவதால் அடைத்த குழாய் திறந்துவிடாது. ரேடியேட்டர் மூடியின் வேலை தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துவது. இந்த வண்டிக்குரிய ஏழு பவுண்ட் மூடியில் தண்ணீர் ஏறக்குறைய 111 பாகையில் கொதிக்கும். பதின்மூன்று பவுண்ட் மூடியைப் போட்டால் கொதிப்பு இன்னும் சற்றுத் தள்ளிப் போகும், அவ்வளவே. சூடு குறையாது. பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றுகள் வேண்டுமானால் பிளக்கும். காய்ச்சலை விட்டுவிட்டு வெப்பமானியை மாற்றிய கதைதான்.

மருந்து

ரேடியேட்டரைக் கழற்றி, பட்டணத்தில் ரேடியேட்டர் பற்றவைக்கும் ஒரு சீனப் பெரியவரிடம் கொண்டு போனேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் தண்ணீர் பட்ட பாடு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர், "தங்கச்சி, இது பாதி செத்துப் போச்சி. மேல தொறந்து குத்தி எடுக்கணும்" என்றார். மேல்தொட்டியைச் சூடு காட்டிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பியை விட்டுத் துளாவி, மீண்டும் ஈயம் வைத்து மூடித் தந்தார். நூற்றெண்பது ரிங்கிட். "மோரிஸா? வாத்தியாரு வண்டியா?" என்று கேட்டுவிட்டுப் பத்து ரிங்கிட்டைத் திருப்பித் தந்தார்.

எஞ்சின்தான் பெரிய வேலை. அடிக்குழாய்த் துளை வழியாகக் குத்திக் குத்திப் பார்த்ததில் கைப்பிடி அளவுதான் வந்தது. எஞ்சின் உடலின் பக்கவாட்டில் வட்டத் தகட்டு அடைப்புகள் உண்டு. பின்பக்கத்தில் இருந்த ஒன்றை நெம்பி எடுத்தேன். உள்ளே கறுத்த சிவப்பில் ஒரு சுவர்! பழைய சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைப் பிரித்து, துளையிடும் கருவியில் மாட்டிச் சுழற்றச் சுழற்றச் சேறு உதிர்ந்தது. தோட்டக் குழாயால் தண்ணீர் பீய்ச்சினேன். மீண்டும் சுழற்றல், மீண்டும் தண்ணீர். இப்படி நான்கு நாள். வெளியே வந்த சேற்றை ஒரு மைலோ டின்னில் சேர்த்தேன். டின் நிறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் இரவு, வெளிச்சம் போதாமல் கைத்தொலைபேசியை வாயில் கவ்விக்கொண்டு குனிந்திருந்தேன். சட்டென்று நல்ல வெளிச்சம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா டார்ச் விளக்கோடு நிற்கிறார். வேலைக்குப் போன சட்டையைக்கூட மாற்றவில்லை. மைலோ டின்னை எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் உள்ளயா இருந்துச்சி?" என்று கேட்டார். அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. பதினொரு மணி வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த இரவும் வந்தார்.

சேறு போனதும் பித்தளையில் புது அடைப்பைத் தட்டிப் பொருத்தினோம். ஒட்டிக்கொண்டிருந்த சுண்ணாம்புக்கு, கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடையில் சிட்ரிக் அமிலம் வாங்கி வெந்நீரில் கரைத்து எஞ்சினுக்குள் ஊற்றினேன். பாட்டி சட்டிக்குப் புளி போட்ட அதே முறைதான்! ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடவில்லை. அமிலம் நல்ல உலோகத்தையும் அரிக்கும். மூன்று முறை செய்து, கடைசியில் சோடா மாவு கலந்த நீரால் கழுவி, தெளிந்த நீர் வரும் வரை குழாயைத் திறந்துவிட்டேன்.

புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் முன் அம்மாவின் சமையலறையில் சோதித்தேன். நூலில் கட்டி, தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியை வைத்து அடுப்பை மூட்டினேன். 82 பாகையை நெருங்கியதும் கதவு மெல்லத் திறந்தது. தாத்தா குழந்தையைப் போலக் குனிந்து பார்த்தார். "பேரு மட்டும் வச்சேன், தொறக்கிறத இன்னிக்கித்தான் பாக்கிறேன்" என்றார்.

பம்புக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. இந்த எஞ்சினை அறிந்தவர்கள் அதன் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள். அவ்வளவு இடுக்கு. அதையும் மற்ற ரப்பர் குழாய்களையும் மாற்றினோம். ஏழு பவுண்ட் மூடி மீண்டும் வந்தது. கடைசியாக, வெறும் தண்ணீருக்குப் பதிலாகத் துரு தடுக்கும் மருந்து கலந்த குளிர்விப்பு நீர். பனி உறையாத நம் நாட்டில் இது எதற்கு என்று பலர் கேட்பார்கள். பனிக்காக அல்ல, துருவுக்காக. ஈயப் பற்றுள்ள பழைய ரேடியேட்டருக்கு ஏற்ற வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன செலவு நானூற்று முப்பது ரிங்கிட்.

புக்கிட் பெராப்பிட்

மாத இறுதிக்கு நான்கு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா ஓட்ட, தாத்தா முன்னால் உட்கார, நான் பின்னிருக்கையில் வெப்பமானியும் ஐந்து லிட்டர் தண்ணீருமாக ஏறிக்கொண்டேன். தாத்தாவை அழைத்துப் போக முதலில் அப்பா சம்மதிக்கவில்லை. "நான் வராம சோதன எப்புடி?" என்று தாத்தா கேட்டதும் அவரால் மறுக்க முடியவில்லை. ஆனால், அண்ணனைப் பின்னாலேயே தன் காரை ஓட்டி வரச் சொல்லிவிட்டார்.

பாடாங் ரெங்காஸ் தாண்டி ஏற்றம் தொடங்கியது. மூன்றாம் கியர். லோரி ஒன்றின் பின்னால் ஊர்ந்தோம். சென்ற முறை நின்ற இடம் வந்தபோது யாரும் பேசவில்லை. அப்பாவின் கண் சாலையைவிடப் போனட்டின் மீதே அதிகம் இருந்தது. அந்த இடத்தைத் தாண்டினோம். உச்சியில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் போனட்டைத் திறந்து அளந்தேன். முன்பகுதி 85 பாகை. பின்பகுதி 89. ரேடியேட்டரில் குளிர்ந்த பட்டை ஒன்றுகூட இல்லை.

"எவ்ளோ?" என்று அப்பா கேட்டார். சொன்னேன். அவர் வெப்பமானியை என் கையிலிருந்து வாங்கித் தாமே இன்னொரு முறை அளந்தார். பிறகு, தாத்தா பக்கத்துக் கண்ணாடி அருகே போய்க் குனிந்து, "அத்தையப் பாத்துட்டே போயிடலாமாப்பா?" என்று கேட்டார். தாத்தாவின் தங்கை அதற்குள் வீடு திரும்பியிருந்தார். தைப்பிங்கில் அண்ணனும் தங்கையும் பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். காரை வாங்க வருவதாக இருந்தவரை அப்பா அன்றிரவு அழைத்து மன்னிப்புக் கேட்டார்.

கற்றவை

இதில் நான் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்ட நீர், மூடி விலகிய கணமே கொதித்து முகத்தில் பாயும். ஆறும் வரை காத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று ஒருபோதும் தெரியாது. ரேடியேட்டரைக் கழுவும்போது எஞ்சினின் அடிக்குழாயையும் திறக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தமிழ் பற்றியது. அறிவியல் தமிழ் என்றால் அகராதிக் குழுக்கள் அறையில் அமர்ந்து உருவாக்குவது என்றே நான் எண்ணியிருந்தேன். தோட்டத்து ஆசிரியர் ஒருவர், தம் காரின் பாகங்களுக்குத் தாமே பெயர் வைத்து இருபத்தைந்து ஆண்டு எழுதியிருக்கிறார். அவர் பெயர்கள் அகராதியில் ஏறுமா என்பது வேறு விஷயம். அந்தத் தமிழில் எழுதிய ஒற்றை வரிதான், மூன்று பட்டறைகளால் முடியாததைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. நம் படிப்பையும் தொழிலையும் நாமும் தமிழில் குறித்து வைக்கலாமே? மருத்துவம், கணினி, கட்டுமானம் எதுவாயினும் ஆகட்டும். தேர்வுக்காக வேண்டாம், பிற்காலத்தில் யாரோ ஒரு பேரப்பிள்ளைக்காக.

மூன்றாவது, நம் வீட்டுப் பெரியவர்கள். அவர்களை நாம் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம். மருந்து வாங்கித் தருகிறோம், மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம், வெயிலில் நிற்க விடுவதில்லை. ஆனால், எதையாவது அவர்களிடம் கேட்கிறோமா? தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது. ஸ்பேனரைப் பிடிக்க முடியாது. ஆனால், எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த மூன்று வாரமும் அவர் காலை ஏழு மணிக்கே நாற்காலியைக் கொட்டகைக்கு இழுத்துப் போட்டு எனக்காகக் காத்திருந்தார்.

இப்போது குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. பருவ விடுமுறைக்கு வீடு திரும்பும் ஒவ்வொரு முறையும் அடிக்குழாயைத் திறக்கிறேன். தெளிந்த நீர் வருகிறது. தேதி போட்டு எழுதிவிட்டுத் தாத்தாவிடம் காட்டுவேன். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தித் தருவார்.